எழுத்தால் ஆன உலகில் காதால் நடப்பது: திரைவாசிப்பானுடன் மட் விளையாட வருபவர்களுக்கும் அவர்களுக்குக் கற்றுத்தருபவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திரையில் வரும் எழுத்தைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக்கொண்டு, மட் என்ற எழுத்து விளையாட்டுக்குள் முதன்முதலாக நுழைபவர்களில் பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். விளையாட்டு பிடிக்காததால் அல்ல. காதில் விழுந்தது என்னவென்றே பிடிபடாததால்.

அவர்கள் கேட்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நாற்பது சமக்குறி. சந்தைத் தெரு. நாற்பது சமக்குறி. செங்குத்துக்கோடு, நட்சத்திரம், கூட்டல், கழித்தல், கழித்தல், கூட்டல், செங்குத்துக்கோடு. கல் பாவிய தெருவில் நிற்கிறீர்கள். இடது கோணக்குறி, நூற்றிருபது சாய்கோடு நூற்றிருபது ஹெச்பி, எண்பது சாய்கோடு எண்பது மானா..." இது முடிவதற்குள் யாரோ ஒருவர் தெருவைக் கடந்து வடக்கே போகிறார், ஒரு நாய் குரைக்கிறது, பொதுச் சேனலில் மூவர் பேசுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லா வரியையும் ஒரே குரல் ஒரே வேகத்தில் வாசிக்கிறது.

கண்ணால் படிப்பவர் அந்த நாற்பது சமக்குறியைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்வை நேராகத் தெருவின் பெயருக்குத் தாவிவிடுகிறது. காதுக்கு அந்தத் தாவல் கிடையாது. ஆகவே புதியவருக்கு முதல் எதிரி பூதமும் அரக்கனும் அல்ல, அடக்கப்படாத இந்தப் பேச்சு வெள்ளம்தான். அதைச் சொன்னபடி கேட்க வைத்த பிறகே வாளை எடுக்க வேண்டும். பல வழிகாட்டிகள் வாளில் தொடங்குகின்றன. இது அப்படித் தொடங்காது.

இது எந்த வகை விளையாட்டு

மட் என்பது பல பேர் ஒரே நேரத்தில் வாழும் ஓர் எழுத்து உலகம். முதல் மட் 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கியது. அதன் வழிவந்த விளையாட்டுகள் இன்றும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்கிறீர்கள். விளையாட்டு சில வரிகளைத் திருப்பி அனுப்புகிறது. இடம், ஆட்கள், சண்டை, பேச்சு, கடை எல்லாமே வரிகள்தான்.

பார்வையுள்ளவருக்குப் போகும் அதே வரி உங்களுக்கும் வருகிறது. கதையின் எந்தப் பகுதியும் படமாக ஒளிந்துகொள்வதில்லை. பார்வையற்ற ஆட்டக்காரர் ஒருவர் படைத்தலைவராக நின்று மற்றவர்களை நடத்திச் செல்வது இங்கே வியப்பான செய்தி அல்ல. இந்தச் சமநிலைதான் என்னை இந்த உலகில் இத்தனை ஆண்டுகளாகக் கட்டிப்போட்டிருக்கிறது.

எழுத்து விளையாட்டு என்று சொல்லிக்கொள்வதெல்லாம் ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் நிலவறையின் வரைபடத்தையே எழுத்துக்குறிகளால் வரைந்திருப்பார்கள்: சுவருக்கு ஒரு குறி, கதவுக்கு ஒரு குறி, உங்களுக்கு ஒரு குறி. அது எழுத்தால் வரைந்த படம். வரி வரியாக வாசித்தால் எதுவும் விளங்காது. தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் திரைவாசிப்பானைப் பழக்குங்கள்

விண்டோஸில் என்விடிஏ போதும். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திட்டம் இது. இலவசம், திறந்த மூலம், பட்டியல்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஜாஸ் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். மேக்கில் வாய்ஸ்ஓவர், லினக்ஸில் ஆர்கா. ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் ஆகியவற்றைக் கொண்டும் விளையாடலாம். ஆனால் தொடுதிரையில் தட்டச்சு செய்துகொண்டு சண்டை போடுவது கடினம். கைப்பேசிதான் ஒரே வழி என்றால் புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவற்றை என்விடிஏவை வைத்துச் சொல்கிறேன். இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக், நீங்கள் எதை அமைத்திருக்கிறீர்களோ அதுவே என்விடிஏ விசை.

விளையாட்டுக்கென ஒரு தனி அமைப்பை உருவாக்குவதிலிருந்து தொடங்குங்கள். என்விடிஏ, கன்ட்ரோல், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கான்பிகரேஷன் புரொஃபைல் உரையாடல் திறக்கும். விளையாட்டு மென்பொருள் முன்னால் இருக்கும்போது இதைத் திறந்து, அந்த மென்பொருளுக்கு மட்டுமான புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். இனி நீங்கள் செய்யும் மாற்றங்கள் அந்தச் சாளரத்தில் மட்டுமே செல்லும். மின்னஞ்சல் படிக்கும்போது பழைய அமைப்பு தானாகத் திரும்பிவிடும். தமிழ்க் குரலை அன்றாடம் பயன்படுத்துபவர்களுக்கு இது பெரிய உதவி. பெரிய மட் விளையாட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், அந்தப் புரொஃபைலில் மட்டும் ஆங்கிலக் குரலை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நிறுத்தக்குறிகள். என்விடிஏ விசையுடன் பி அழுத்த அழுத்த நிறுத்தக்குறி அளவு மாறிக்கொண்டே போகும். விளையாட்டுக்கு "எதுவும் வேண்டாம்" என்ற அளவே நல்லது. நாற்பது சமக்குறி அந்தக் கணமே மறைந்துவிடும். ஏதாவது ஒரு குறி முக்கியம் என்று பின்னால் தெரிந்தால், அந்த ஒரு குறிக்கு மட்டும் அமைப்புகளில் விதிவிலக்கு வைக்கலாம்.

பிறகு தட்டச்சு ஒலிப்பு. என்விடிஏ விசையுடன் 2 ஒவ்வோர் எழுத்தையும் சொல்வதையும், 3 ஒவ்வொரு சொல்லையும் சொல்வதையும் மாற்றும். எழுத்தை நிறுத்திவிட்டுச் சொல்லை வைத்துக்கொள்வது என் பழக்கம். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்று இதன் அருகிலேயே இருக்கிறது. என்விடிஏவின் விசைப்பலகை அமைப்புகளில், தட்டச்சு செய்யும் எழுத்தும் எண்டர் விசையும் பேச்சை இடைமறிக்க வேண்டுமா என்று இரண்டு தேர்வுப்பெட்டிகள் இருக்கின்றன. இயல்பாக இரண்டும் இயக்கத்தில் இருக்கும். அதன் விளைவு இதுதான்: விளையாட்டு ஒரு முக்கியமான வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த கட்டளையின் முதல் எழுத்தைத் தொட்டதும் வரி அறுந்துபோகும். "விளையாட்டு பாதிப் பாதியாகப் பேசுகிறது" என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இந்தப் பெட்டிதான். எழுத்துக்கான பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள். எண்டருக்கானதை நான் அப்படியே விட்டுவிடுவேன். நடக்கும்போது பழைய இடத்தின் வருணனை அறுந்து புதிய இடத்தின் வருணனை உடனே தொடங்குவது நல்லதுதான்.

கன்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். ஷிப்ட் விசை இடைநிறுத்தி, மறுபடி அழுத்தினால் தொடரும். இந்த இரண்டும் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு வேகத்தைப் பற்றி ஒரு சொல்: நீண்டகால ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் வேகத்தைக் கேட்டு மிரள வேண்டாம். வசதியான வேகத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒரு படி ஏற்றுங்கள். காது தானாகப் பின்தொடரும்.

கிளையன்ட்: நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

உங்கள் கணினியை விளையாட்டின் சேவையகத்தோடு இணைக்கும் மென்பொருள்தான் கிளையன்ட். மட் விளையாட்டுகள் டெல்நெட் என்ற பழைய நெறிமுறையில் இயங்குகின்றன. விண்டோஸின் டெல்நெட்டிலேயே இணைய முடியும், ஆனால் வேண்டாம். நீங்கள் பாதி எழுதிய கட்டளைக்கு நடுவே விளையாட்டின் வரி வந்து விழும், இரண்டும் கலந்துவிடும், எது உங்களுடையது எது அதனுடையது என்று காதால் பிரிக்க முடியாது. உலாவியில் ஓடும் கிளையன்ட்டுகளில் சில நன்றாகச் செய்யப்பட்டவை. ஆனால் புதிய வரி தானாக வாசிக்கப்பட வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை எழுதியவர் அதற்கான குறிப்பைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தும் பேச்சு வரவில்லை என்றால், மாறும் உள்ளடக்கத்தை அறிவிக்கும் வசதி அணைந்திருக்கலாம். என்விடிஏ விசையுடன் 5 அழுத்திப் பாருங்கள்.

மட்டுக்கெனவே எழுதிய கிளையன்ட்டில் கட்டளை எழுதும் பெட்டியும் விளையாட்டின் வரிகள் வரும் பகுதியும் தனித்தனி. விண்டோஸில் மஷ்கிளையன்ட் நீண்ட காலமாகப் பார்வையற்ற ஆட்டக்காரர்களின் கையில் இருக்கிறது; நிக் கேமன் எழுதியது, இலவசம். அதனுடன் பேச்சுக்கான ஒரு செருகுநிரல் சேர வேண்டும். வரும் வரிகளைத் திரைவாசிப்பானுக்குக் கடத்துவது அதுதான். வெறும் மஷ்கிளையன்ட்டை மட்டும் நிறுவிவிட்டு அமைதியாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். செருகுநிரல், ஒலிகள், குறுக்குவிசைகள் எல்லாம் சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவே எடுத்துக்கொள்வது எளிது. மட்லெட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சமீபப் பதிப்புகள் வரும் வரிகளைத் திரைவாசிப்பானுக்குத் தாமே அறிவிக்கின்றன. முனையத்தில் வேலை செய்யப் பழகியவர்களுக்கு டின்டின்++ இருக்கிறது.

டின்டின்++ மென்பொருளின் கான்ஃபிக் கட்டளையில் ஸ்கிரீன் ரீடர் என்பதை ஆன் செய்தால், நீங்கள் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்கள் என்ற செய்தி விளையாட்டின் சேவையகத்துக்கும் போகும். எம்டிடிஎஸ் என்ற பொதுத் தரத்தில் 64 என்ற மதிப்புக்கு அதுதான் பொருள். இதைக் கவனிக்கும் விளையாட்டு வரைபடங்களையும் அலங்காரக் கோடுகளையும் தானே நிறுத்திக்கொள்ள முடியும். எல்லா விளையாட்டுகளும் கவனிப்பதில்லை. கவனிக்கும் ஒன்றில் நுழைந்தால் கதவு திறந்து வைத்து அழைத்தது போலிருக்கும்.

கிளையன்ட்டை நிறுவியதும் விளையாடப் போகாமல் மூன்று காரியங்களைச் சோதியுங்கள். புதிய வரி தானாகப் பேசுகிறதா. மேல் அம்பு விசை பழைய கட்டளையைத் திரும்பத் தருகிறதா. சில மென்பொருள்களில் இதை அமைப்புகளில் இயக்க வேண்டும். கடந்துபோன வரியைத் திரும்பக் கேட்க என்ன விசை. மூன்றாவதுதான் உயிர்நாடி. பல தொகுப்புகளில் கன்ட்ரோல் அல்லது ஆல்ட் விசையுடன் 1 முதல் 0 வரையான எண்கள் கடைசிப் பத்து வரிகளை ஒவ்வொன்றாக வாசிக்கும். உங்கள் தொகுப்பில் எது என்று அதன் உதவிக்கோப்பில் பார்த்து, கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் விரல் அங்கே போகும் வரை பழகுங்கள்.

எந்த உலகத்துக்குள் போவது

என் முதல் பரிந்துரை ஆல்டர் ஏயான். 1995 முதல் நடந்துவருகிறது, கிளையன்ட்டில் இணையும்போது கொடுக்க வேண்டிய போர்ட் எண் 3000. பார்வையற்ற ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். ஆட்டக்காரர்களே உருவாக்கிய மஷ்-இசட் என்ற ஒலித்தொகுப்பும் உண்டு. வாள் வீச்சுக்கு ஓர் ஒலி, மந்திரத்துக்கு ஓர் ஒலி, காசு எடுப்பதற்கு ஓர் ஒலி என்று வரும்போது, பேசும் குரலின் பளு பாதியாகக் குறைகிறது.

சண்டையைவிடப் படிப்பதில் சுகம் காண்பவர்கள் டிஸ்க்வேர்ல்ட் மட் பக்கம் போகலாம். 1991இல் தொடங்கியது, போர்ட் 4242. அங்கே வருணனைகள் நீளம், நகைச்சுவை அதிகம், அவசரம் குறைவு. 1997இல் வந்த அக்கேயா அரசியலும் அணிச் சண்டையும் நிறைந்தது. உள்ளே போனதும் கான்ஃபிக் ஸ்கிரீன்ரீடர் ஆன் என்று தட்டச்சு செய்தால் தன் வெளியீட்டைத் திரைவாசிப்பானுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். ஆனால் அதன் போர்முறை மிக வேகமானது. முதல் விளையாட்டாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆர்ட்வுல்ஃப் மிகப் பெரிய உலகம். பார்வையற்றவர்களுக்கான மஷ்கிளையன்ட் தொகுப்பும் இருக்கிறது. அங்கே வரிகள் கொட்டும், இரண்டாவது விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். வாளும் மந்திரமும் வேண்டாம், விண்கலம் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு மிரியானி, ஸ்டார் கான்குவெஸ்ட் இரண்டும் ஒலியுடன் சேர்த்து ரசிக்கப்படுபவை.

ஒன்றைத் தேர்ந்து ஒரு மாதமாவது அங்கேயே இருங்கள். கட்டளைகள் விளையாட்டுக்கு விளையாட்டு சிறிது மாறும். இரண்டில் ஒரே சமயம் கால் வைத்தால் விரல் குழம்பும்.

உள்ளே நுழைந்ததும், நடப்பதற்கு முன்

பெயர், கடவுச்சொல், இனம், தொழில் என்று கேள்விகள் வரும். நடுவே திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வி வந்தால் தயங்காமல் ஆம் என்று சொல்லுங்கள். அது உங்கள் திறமையைப் பற்றிய கேள்வி அல்ல. வரிகளை எப்படி அனுப்ப வேண்டும் என்ற கேள்வி. தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது போர்வீரன் போன்ற எளிய ஒன்றை எடுங்கள். மந்திரவாதிக்கு நினைவில் வைக்க வேண்டியவை அதிகம்.

பாத்திரம் உருவானதும் அங்கேயே நின்று வெளியீட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஹெல்ப் என்ற கட்டளையுடன் கான்ஃபிக் அல்லது ஆப்ஷன்ஸ் என்று தட்டச்சு செய்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் அமைப்புகளின் பட்டியல் வரும். அணைக்க வேண்டியவை: எழுத்துக்குறி வரைபடம், அலங்காரக் கோடுகள், பொருள்களைக் கட்டம் போட்டுக் காட்டும் பட்டியல்கள். ஒவ்வொரு நகர்விலும் வழிகளைச் சொல்லும் ஆட்டோஎக்ஸிட் வசதியை இயக்கிவிடுங்கள்.

அடுத்து நிலைவரி. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் உயிர், மானா எனும் மந்திர ஆற்றல், நடைவலு என்று மூன்று எண்களைச் சொல்லும் வரி இது. கண்ணுக்கு ஓரமாக நிற்கும் அழகான தகவல். காதுக்கு ஓயாத நச்சரிப்பு. பிராம்ப்ட் என்ற கட்டளையால் இதைச் சுருக்கலாம். முதல் நாள் உயிர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சாய்கோடும் மொத்த அளவும் இல்லாமல். பிறகு பழகியதும் அதையும் எடுத்துவிட்டு, கேட்கும்போது மட்டும் சொல்லும்படி ஒரு விசைக்கு மாற்றிவிடலாம். பல விளையாட்டுகள் ஜிஎம்சிபி என்ற வழியில் இந்த எண்களைத் திரையில் காட்டாமலே கிளையன்ட்டுக்கு அனுப்புகின்றன. நல்ல தொகுப்புகள் அதை எடுத்து ஒரு விசையில் வைத்திருக்கும்.

பிரீஃப் என்ற கட்டளை, நடக்கும்போது இடங்களின் நீண்ட வருணனையைத் தவிர்க்கும். இதை முதல் நாளே இயக்க வேண்டாம். வருணனைதான் உங்கள் நிலக்காட்சி. ஊர் பழகிய பிறகு இயக்கினால் போதும்.

முதல் நடை

லுக் என்பது சுற்றிப் பார்க்கும் கட்டளை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குக்கு அந்தந்த ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து மட்டும் போதும். எக்ஸிட்ஸ் வழிகளைச் சொல்லும். இன்வென்டரி கையில் இருப்பதை, ஸ்கோர் உங்கள் நிலையை.

மனத்தில் வரைபடம் வளர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊரின் நடுவே ஒரு இடத்தை வீடாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரீகால் என்ற கட்டளை உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் கோயிலோ சதுக்கமோ அதுவாக இருக்கும். அங்கிருந்து வடக்கே மூன்று அடி போங்கள், மூன்று அடி திரும்புங்கள். கிழக்கே மூன்று, திரும்புங்கள். நான்கு திசையும் முடிந்ததும் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து எழுதுங்கள்: "சதுக்கத்திலிருந்து வடக்கு 2, கிழக்கு 1: ஆயுதக் கடை. தெற்கு 3: நகர வாசல்." படமாக அல்ல, பாதையாக எழுதுங்கள். தெருவை அடிகளாலும் திருப்பங்களாலும் நினைவில் வைப்பது பார்வையற்றவர்கள் வெளியுலகில் நாள்தோறும் செய்யும் வேலை. அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கும். இதற்கென ஒரு சுருக்கமும் உண்டு. ஸ்பீடுவாக் வசதியில் எண்ணையும் திசையின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதினால் முழுப் பாதையையும் ஒரே கட்டளையில் நடந்துவிடலாம். உங்கள் கோப்பில் இருக்கும் பாதைகளே நாளைக்கு ஸ்பீடுவாக் ஆகிவிடும்.

சண்டை: வரிகள் கொட்டும் நேரம்

அடிப்பதற்கு முன் கன்சிடர் என்ற கட்டளையுடன் எதிரியின் பெயரைச் சொன்னால், அவன் உங்களைவிடப் பலசாலியா என்று பல விளையாட்டுகள் சொல்லிவிடும். ஃப்ளீ என்றால் ஓடிவிடுவீர்கள். விம்பி என்ற அமைப்பு, உயிர் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் தானாகவே ஓட வைக்கும். புதியவர்கள் இதைச் சற்று உயரமாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆபத்தான வரி உங்கள் காதை எட்டச் சில விநாடி தாமதமாகலாம்.

இப்போது ஒரு சுற்றுச் சண்டையை அருகில் வைத்துக் கேட்போம்:

"உங்கள் வெட்டு ஓநாயைத் தவறவிடுகிறது. உங்கள் வெட்டு ஓநாயைக் கீறுகிறது. ஓநாயின் கடி உங்களைத் தவறவிடுகிறது. ஓநாயின் கடி உங்களைத் தவறவிடுகிறது. ஓநாயின் கடி உங்களைக் காயப்படுத்துகிறது. ஓநாய்க்குச் சில சிராய்ப்புகள்."

இதை வாசிக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். ஆனால் சில விநாடிக்கொரு முறை அடுத்த சுற்று வந்துவிடும். நான்காவது சுற்றில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாவது சுற்றின் கதை. நிகழ்காலத்தில் நீங்கள் இறந்துகொண்டிருக்கலாம், குரல் இன்னும் கடந்தகாலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த ஆறு வரியில் உங்களுக்கு வேண்டியவை எவை? உங்களுக்கு அடிபட்டது, எதிரியின் நிலை, இரண்டே இரண்டு. தவறிய அடிகள் காதுக்கு வரவே வேண்டாம். விளையாட்டிலேயே தவறிய அடிகளை மறைக்கும் அமைப்பு இருந்தால் முதலில் அதை இயக்குங்கள். இல்லையென்றால் கிளையன்ட்டில் டிரிக்கர் வைக்கலாம்; குறிப்பிட்ட வரி வந்ததும் தானாக ஒன்றைச் செய்யும் ஏற்பாடு அது. மஷ்கிளையன்ட்டில் கேம் பட்டியலில் கான்ஃபிகர், அதனுள் டிரிக்கர்ஸ். புதிய டிரிக்கர் ஒன்றைச் சேர்த்து, பொருந்த வேண்டிய வரியை எழுதுங்கள். மாறக்கூடிய சொல்லின் இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள். அதாவது "நட்சத்திரம் உங்களைத் தவறவிடுகிறது" என்றால் ஓநாயோ கரடியோ யார் தவறவிட்டாலும் பொருந்தும். பிறகு வெளியீட்டிலிருந்து நீக்கு என்ற பெட்டியைத் தேர்வு செய்யுங்கள். எனேபிள்டு பெட்டியில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். காயப்பட்ட வரிக்கு வேறொரு டிரிக்கர்: வரியை நீக்கி, ஒரு குறுகிய ஒலிக்கோப்பை இணையுங்கள். உங்கள் வெட்டைச் சொல்லும் வரிகளையும் இதே போல் நீக்கினால், அந்த ஒரு சுற்று ஒரு தட்டொலியும் ஒரு சிறு வாக்கியமும் ஆகிவிடும். குரல் மறுபடி நிகழ்காலத்தைப் பிடித்துவிடும்.

ஒலியைத் தேர்வதில் கஞ்சத்தனம் வேண்டும். ஐந்து ஒலிகளை ஐயமின்றிப் பிரித்தறிவது எளிது. முப்பது ஒலிகளை வைத்தால் அதுவும் ஒரு வெள்ளம். எனக்கு முதலில் வேண்டியவை: அடிபட்டது, உயிர் பாதிக்குக் கீழே போனது, எதிரி இறந்தது, யாரோ தனியாக என்னிடம் பேசியது. மற்றவை பின்னால்.

நீண்ட கட்டளைகளுக்குக் குறுங்கட்டளை வைத்துக்கொள்ளுங்கள். குணமாக்கும் மருந்தைப் பையிலிருந்து எடுத்துக் குடிப்பது மூன்று சொல் என்றால் அதை ஓர் எழுத்தாக்குங்கள். தட்டச்சு பிழையால் சாவது போல எரிச்சலூட்டுவது எதுவுமில்லை.

ஓர் எச்சரிக்கை. வரியை மறைப்பதும் ஒலி வைப்பதும் பொதுவாகப் பிரச்சினை ஆகாது. ஆனால் நீங்கள் விசைப்பலகை அருகில் இல்லாதபோதும் டிரிக்கர்களே சண்டை போடும்படி வைப்பதைப் பல விளையாட்டுகள் தடை செய்திருக்கின்றன, பாத்திரத்தையே நீக்கிவிடுவார்கள். ஹெல்ப் ரூல்ஸ் என்று தட்டச்சு செய்து அந்த விளையாட்டின் விதியை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

மனிதர்கள்

பெரும்பாலான விளையாட்டுகளில் நியூபி என்ற சேனல் இருக்கும்; கேள்வி கேட்பதற்காகவே திறந்துவைத்தது. தயங்காமல் கேளுங்கள். "நான் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன், இந்த வரைபடத்துக்குப் பதிலாகச் சொல்லால் வழி சொல்லும் கட்டளை உண்டா" என்று குறிப்பாகக் கேட்டால் குறிப்பான பதில் வரும். பார்வையற்றவர் என்று சொல்வதும் சொல்லாமல் விடுவதும் முழுக்க உங்கள் விருப்பம். சொல்லாமலே பல ஆண்டுகள் விளையாடுபவர்களும் உண்டு. அரட்டைச் சேனல்களை மட்டும் சண்டை நேரத்தில் அணைத்துவையுங்கள், அல்லது சேனல் வரலாற்றைத் தனியாகச் சேமிக்கும் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். ஓநாயைக் கொன்ற பிறகு நிதானமாகக் கேட்கலாம்.

கற்றுத்தருபவருக்கு

பார்வையுள்ள நண்பராக இருந்தாலும், பழகிய பார்வையற்ற ஆட்டக்காரராக இருந்தாலும், உங்களுக்குச் சில வார்த்தைகள். விசைப்பலகையைத் தொடாதீர்கள். அவர் கட்டளையைத் தேடும் பத்து விநாடி உங்களுக்கு நீளமாகத் தெரியும். அந்தப் பத்து விநாடியில்தான் அவர் கற்கிறார். "மேலே இடப்பக்கம் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். எந்த விசை, அழுத்தினால் என்ன கேட்கும் என்று சொல்லுங்கள். "இப்போது கன்ட்ரோலும் 1-உம் அழுத்துங்கள், கடைசி வரி கேட்கும்" என்பது உதவி.

உங்கள் அமைப்புக் கோப்பை அப்படியே கொடுத்துவிடும் ஆசை வரும். நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவருக்கு என் இருநூறு டிரிக்கர்களையும் அனுப்பினேன். மறுநாள் அவர், "அண்ணா, எது விளையாட்டு சொல்கிறது, எது உங்கள் கோப்பு சொல்கிறது என்றே தெரியவில்லை" என்றார். ஒரு வரி மறைந்திருப்பதே தெரியாததால், கதவு பூட்டியிருப்பதைச் சொல்லும் வரியையும் அவர் இழந்திருந்தார். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நிறுத்தக்குறி அளவு, நிலைவரி, கடைசி வரிகளைக் கேட்கும் விசை, இந்த மூன்றோடு மறுபடி தொடங்கினோம். எந்த வரி தன்னைத் தொந்தரவு செய்கிறது என்று அவரே சொன்ன பிறகு, அந்த வரிக்கு மட்டும் டிரிக்கர் வைத்தோம். ஒரு மாதத்தில் அவருடைய கோப்பு என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது.

விளையாட்டுக்குள் சேர்ந்து போகும்போது அவரை உங்கள் பின்னால் ஃபாலோ செய்ய விடாமல், நீங்கள் அவரைப் பின்தொடருங்கள். பின்னால் வருபவருக்கு இடங்கள் பேச்சாக ஓடிவிடும், வரைபடம் மனத்தில் தங்காது. அவர் வழி தவறினால் தவறட்டும், ரீகால் இருக்கிறது. உங்கள் வாசிப்பு வேகத்தில் அடுத்த அறைக்கு விரையாதீர்கள். "கேட்டு முடித்துவிட்டீர்களா" என்று ஒரு வரி தட்டச்சு செய்ய அதிக நேரம் ஆகாது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

ஒவ்வொரு வரியும் இரண்டு முறை கேட்கிறதா? கிளையன்ட்டும் பேச்சுச் செருகுநிரலும் ஒரே வரியைத் தனித்தனியாகத் திரைவாசிப்பானுக்கு அனுப்புகின்றன, ஒன்றை அணையுங்கள். வேறு சாளரத்துக்குப் போனதும் விளையாட்டு மௌனமாகிவிடுகிறதா? பின்னணியில் பேசுவதற்கான அமைப்பு தொகுப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். முழு மௌனம் என்றால் என்விடிஏ விசையுடன் எஸ் தவறுதலாக அழுத்தப்பட்டுப் பேச்சு முறை மாறியிருக்கலாம். பேச்சு திரும்பும் வரை மறுபடி அழுத்துங்கள். கற்பனைப் பெயர்களைக் குரல் கடித்துத் துப்பினால், என்விடிஏவின் பேச்சு அகராதியில் அந்தப் பெயரை எழுதி, அதன் எதிரே ஒலிக்கும்படியான எழுத்துகளைக் கொடுங்கள். இணையதளத்தில் பதிவு செய்யும்போது படப்புதிர் வந்து தடுத்தால் அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். கிளையன்ட் வழியாக நேரடியாக இணைந்தே பாத்திரத்தை உருவாக்கும் வழி பெரும்பாலான விளையாட்டுகளில் உண்டு.

இவ்வளவும் செய்து முடித்ததும், விளையாட்டின் அமைப்புகளைக் கிளையன்ட் சேமித்துவைக்கும் கோப்பையும் பாதைகள் எழுதிய கோப்பையும் என்விடிஏ அமைப்புக் கோப்புறையையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய டிரிக்கர் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், கிளையன்ட்டை மூடும் முன் சேமித்துவிட்டு, அந்த நகலையும் புதுப்பியுங்கள்.